சித்தேரியிலிருந்து மலை தாண்டிப் பேச

சித்தேரி மலையில் ஒரு மடிப்பில் ஓர் ஊர், அடுத்த மடிப்பில் இன்னோர் ஊர். பறவை போகிற தூரம் குறைவுதான். ஆனாலும் வாக்கி-டாக்கியில் எவ்வளவு கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது; நடுவில் மலை நிற்கிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. முகட்டில் உரசிக் கொஞ்சம் வளையும், பாறையைத் துளைக்காது. உடனே அதிக வாட் கருவியைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. வீண் செலவு. இங்கே வேண்டியது உயரம்.

சமவெளியில் தரையில் நிற்கும் இருவருக்கு வானொலித் தொடுவானம் பத்து கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். சமவெளியைவிட 1,000 மீட்டர் உயரமான முகட்டில் ஆன்டெனா இருந்தால், குறுக்கே வேறு மலை இல்லாதவரை, கணக்குப்படி 130 கிலோமீட்டர். அதனால்தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரை மலையுச்சியில் வைக்கிறார்கள். சித்தேரிக்காரருக்கு மேற்கே சேர்வராயன் மலை அப்படிப்பட்ட இடம். ஆனால் அந்தத் திசை திறந்திருக்கும் சரிவில் நிற்க வேண்டும். பள்ளத்தில் இருந்துகொண்டு பயனில்லை.

ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னொன்றில் உரக்கச் சொல்லும். ஒரே அலைவரிசை என்றால் தன் குரலே தன் காதை அடைத்துவிடும். 144–146 மெகாஹெர்ட்ஸ் ஹாம் (அமெச்சூர் வானொலி) பட்டையில் இந்த இரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ்.

ஒரு ரிப்பீட்டர் 145.700-இல் பேசி 145.100-இல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவியில் 145.700 அடியுங்கள். ஷிஃப்ட் மைனஸ், ஆஃப்செட் 0.600. பொத்தானை அழுத்தியதும் திரையில் 145.100 வர வேண்டும். வராவிட்டால் இந்த இரண்டில் ஒன்று தப்பு. அடுத்தது டோன். பேச்சுக்கு அடியில் ஓயாமல் ஓடும் மெல்லிய முனகல் அது. 67 ஹெர்ட்ஸில் தொடங்கும் பட்டியலிலிருந்து ரிப்பீட்டர் திறக்கத் தேவையான எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் அனுப்பும் பக்கம் மட்டும் போடுங்கள். கேட்கும் பக்கமும் போட்டுவிட்டு, எதுவும் கேட்காததால் ரிப்பீட்டர் செத்துப்போச்சு என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர்.

யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு, பொத்தானை அழுத்தி அரை நொடி பொறுத்து உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லுங்கள். கையை எடுத்தபின் ஓரிரு நொடி ரிப்பீட்டரின் இரைச்சலற்ற அலை நீடித்தால் உள்ளே போய்விட்டீர்கள். குரல் கரகரத்தால் ஆன்டெனாவை நேராகப் பிடித்து ஓரடி, இரண்டடி நகருங்கள். அலையின் நீளமே இரண்டு மீட்டர்தான். பாறையில் பட்டுத் திரும்பும் அலை நேரடி அலையை ஓரிடத்தில் அழிக்கும், அரை மீட்டர் தள்ளி அதையே வலுப்படுத்தும்.

கருவி கையில் இருப்பது அனுமதி ஆகாது. ஒன்றிய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி ஹாம் உரிமம் பெற வேண்டும். 12 வயதானாலே எழுதலாம். வனத்துறையும் காவல்துறையும் ‘மைக்’ என்று சொல்லும் வயர்லெஸ்ஸின் அலைவரிசைகள் வேறு. மலிவான கருவிகள் பல அங்கேயும் போய் நிற்கும், பொத்தானை அழுத்தினால் பேசவும் பேசும். அது குற்றம்.