பசளைக்கு முன் மண்ணைப் பார்ப்போம்

பயிரின் இலை மஞ்சளானால் நம்மில் பலர் முதலில் தேடுவது பசளை மூடையைத்தான். 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், அதன் பின்னர் யூரியாவின் விலை பல மடங்கு ஏறியதையும் விவசாயக் குடும்பங்கள் மறக்கவில்லை. எங்கள் வாப்பாவும் ஒவ்வொரு போகத்திலும் பசளைக்காகவே கடன் கணக்குப் பார்க்கிறார். இவ்வளவு பணம் கொடுத்து இடும் பசளை பயிரைச் சென்றடைகிறதா? உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் கற்கும் நான் இதற்குக் கண்ட விடை: அதைத் தீர்மானிப்பவை மண்ணின் நீர்வடிப்பு, ஈரலிப்பு, அமிலத்தன்மை ஆகிய மூன்றுமே.

முதலாவது நீர்வடிப்பு. வேரும் சுவாசிக்கிறது. மண்ணின் பெரிய துளைகளில் வளியும் சிறிய துளைகளில் நீரும் இருக்க வேண்டும். களிமண்ணில் நீர் தேங்கினால் வளி வெளியேறிவிடும். ஒட்சிசன் கிடைக்காத வேரால் போசணையை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மிளகாயும் கத்தரியும் நீரில் நின்றுகொண்டே வாடுகின்றன. இதற்கு மருந்து யூரியா அல்ல; வடிகாலும் உயர்ந்த பாத்தியுமே. நெல்லின் தண்டிலும் வேரிலும் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் காற்றிடைவெளிகள் இருப்பதால் அது சேற்றிலும் செழிக்கிறது. ஆயினும் களுத்துறை, காலி போன்ற ஈரவலயத் தாழ்நிலங்களில் நீர் வடியாத வயல்களில் இரும்பு அதிகமாகக் கரைந்து நெல்லையும் பாதிக்கிறது.

இரண்டாவது ஈரலிப்பு. மழைக்குப் பின் மேலதிக நீர் வடிந்து, இரண்டு மூன்று நாட்களில் மண்ணில் எஞ்சும் நீரின் அளவை வயற்கொள்ளளவு என்போம். கிழக்குக் கரையோர மணலில் இது மிகக் குறைவு. அங்கே நீரோடு சேர்ந்து நைதரசனும் வேருக்குக் கீழே போய்விடும். எனவே யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவதும், கூட்டெருவும் இலைகுழையும் சேர்ப்பதும் அவசியம்.

மூன்றாவது அமிலத்தன்மை. பி.எச். பெறுமானம் 7 என்றால் நடுநிலை. ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும்; 7 இலிருந்து 5 ஆனால் 100 மடங்கு! பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6 முதல் 7 வரை உகந்தது. மலைநாட்டுத் தேயிலையோ 4.5 முதல் 5.5 வரையான மண்ணையே விரும்புகிறது. 5.5 இலும் குறைந்தால் அலுமினியம் கரைந்து பல பயிர்களின் வேர்நுனியைக் கெடுக்கும். பொசுபரசும் மண்ணிலேயே சிறைப்படும். தொலமைற்று இட்டு இதைத் திருத்தலாம். ஆனால் காரத்தன்மை கூடிய மண்ணுக்கு அதை இட்டால் இரும்பும் நாகமும் கிடைக்காமல் இலை மேலும் வெளிறும். ஆகவே அளவு தெரியாமல் எதையும் இடக்கூடாது.

தோட்டத்தில் ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மீண்டும் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் நீர்வடிப்புப் போதாது. வேர் ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். நீர் கசிந்தால் ஈரம் அதிகம். உருண்டையாக நின்றால் போதுமானது. பி.எச். அளவை அறிய உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

பெற்றோரே, அடுத்த போகத்தில் பசளைக் கடைக்குப் போகும் முன் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோழியரே, நாம் வகுப்பில் கற்பதை வீட்டு வரம்பு வரை கொண்டு செல்வோம். அது ஒரு மூடைப் பசளையின் விலையையேனும் மிச்சப்படுத்தும்.