பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் நிதிநலம்: ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரு நகரின் வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறை இல்லையெனில் அந்நகரின் நிதிநிலை நலமாக உள்ளது எனக் கொள்வது வழக்கம். இக்கருத்து முற்றிலும் பொருந்தாது என்பதைப் பினாங்குத் தீவை முன்வைத்து விளக்க முற்படுகிறோம். வரவு எங்கிருந்து வருகிறது, செலவு உயரும்போது அதுவும் உயருமா என்பனவே முதன்மையான வினாக்களாகும்.

வருவாயின் வரலாறு

ஜார்ஜ் டவுன் 1957 சனவரி முதல் நாள் மாநகரத் தகுதி பெற்றது. அன்றைய மாநகர் மன்றம் வரி தண்டுவதோடு அமையாமல், மின்சாரம், குடிநீர், பேருந்து ஆகிய சேவைகளையும் தானே நடத்தியது. நகரம் வளர வளர இவற்றின் பயன்பாடும் பெருகிற்று. பின்னர்க் குடிநீர் 1973-இல் மாநில நீர் வாரியத்திடமும், மின்வழங்கல் 1976-இல் தேசிய மின்சார வாரியத்திடமும் சென்றன. அதே 1976-இல் தீவு முழுமைக்குமான நகராண்மைக் கழகம் உருவாயிற்று. 2015-இல் அது மாநகர் மன்றமாக உயர்த்தப்பட்டது. பரப்பு விரிந்தது, குப்பை அகற்றல், வடிகால், சந்தை, பூங்கா எனப் பொறுப்புகளும் விரிந்தன. வருவாய்க்கோ மதிப்பீட்டு வரியே முதன்மையான ஊன்றுகோலாயிற்று.

மதிப்பீட்டு வரியின் இயல்பு

1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி, ஒரு கட்டடம் ஓராண்டில் ஈட்டக்கூடிய வாடகையே அதன் ஆண்டு மதிப்பாகும். வரி அம்மதிப்பில் 35 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வேண்டும். எனினும் மாநில அரசு அக்காலத்தை நீட்டிக்கலாம். இடர் தோன்றும் இடம் இதுவே.

எடுத்துக்காட்டாக, மாதம் 1,000 வெள்ளி வாடகை பெறத்தக்க வீட்டின் ஆண்டு மதிப்பு 12,000 வெள்ளி. வரி 6 விழுக்காடாயின் 720 வெள்ளி. வாடகை 1,500 வெள்ளியாக உயர்ந்தபின்னும் பட்டியல் மாறாவிடில் வரி அதே 720 வெள்ளிதான். ஊதியமும் எரிபொருள் விலையும் இவ்வாறு காத்திருப்பதில்லை.

தாமதத்தின் விளைவைக் கோலாலம்பூர் உணர்த்தும். அங்கு 1992-ஆம் ஆண்டு மதிப்பீடே 2013 வரை நீடித்தது. புதிய மதிப்பீடு 2014-இல் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டதும் கடும் எதிர்ப்பு எழுந்தது.

நிதிநலத்தை அறியும் வழி

எனவே கணக்கறிக்கையில் மூன்றினை நோக்க வேண்டும். முதலாவது, ஆண்டுதோறும் நேரும் செலவை ஆண்டுதோறும் வரும் வருவாயே ஈடுசெய்கிறதா என்பது. கட்டுமானத் திட்டங்களுக்கான கட்டணம் கட்டுமானம் தளர்ந்தால் குறைந்துவிடும்; அதனைக் கொண்டு ஊதியம் வழங்குதல் உறுதியான வழியன்று. இரண்டாவது, வரி நிலுவை பெருகுகிறதா என்பது. மூன்றாவது, பராமரிப்பைத் தள்ளிவைத்துச் சேமிப்புக் காட்டப்படுகிறதா என்பது. தூர்வாரப்படாத வடிகாலும் ஒருவகைக் கடனே; அது கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை, வெள்ளத்தில்தான் வெளிப்படும்.

முடிவுரை

ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தும், 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. வரி செலுத்துவோர் மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இயலாத நிலையில், வரியை உயர்த்தும் துணிவு மன்றத்திற்கும், உயர்வை ஏற்கும் மனம் மக்களுக்கும் அமைதல் அரிது. நகரின் நிதிநலம் கணக்கரின் பொறுப்பு மட்டுமன்று. மக்களாட்சியின் பொறுப்புமாகும் என்பதே நம் கருத்து.