பள்ளியில் பேசுங்கள், பிள்ளை முன்னேறும்

பெற்றோர்களே!

படிப்பில் பின்தங்கும் பிள்ளையை ‘மக்கு’ என்று ஒதுக்கலாமா? கூடாது. காது மந்தமாக இருக்கலாம். பார்வை குறைவாக இருக்கலாம். அறிவு வளர்ச்சி தாமதப்பட்டிருக்கலாம். முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பிறகு தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைச் சந்தியுங்கள்.

“எங்களுக்கு என்ன தெரியும்?” என்று தயங்காதீர்கள். பிள்ளையை நன்கு அறிந்தவர் நீங்களே. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் வீட்டுப் பிள்ளை பத்துப் பத்தாக எண்ணி அடுக்குவது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? “அப்பளத்தைச் சரியா எண்ணுதான் டீச்சர், நோட்டுல எழுதத்தான் வரமாட்டேங்கு” என்று உள்ளபடி சொல்லுங்கள். எங்கே தொடங்கலாம் என்று அவருக்குப் புரியும்.

பேசப் போகும்போது:

1. மருத்துவச் சான்று, அடையாள அட்டை இருந்தால் கொண்டு செல்லுங்கள்.

2. பிள்ளையால் முடிந்ததை முதலில் சொல்லுங்கள். முடியாததைப் பிறகு சொல்லுங்கள்.

3. “மூன்று மாதத்தில் என்ன கற்றுத் தருவீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள்.

4. பேசியதைத் தேதியிட்டு நோட்டில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் ஆசிரியரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

5. கூலி வேலைக்குப் போகிறவர்கள், வர முடிந்த நாளை முன்பே சொல்லி வையுங்கள்.

இது சலுகை அல்ல, உரிமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வி இலவசம். பள்ளியில் சேர்க்க மறுத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கேட்கத் தெரியாத பிள்ளைக்காக நீங்கள் கேளுங்கள்!