பொட்டலமா, பந்தியா?



திருத்தணி வெளியூர் மக்களுக்குப் பழகிய ஊர். டிசம்பர் 31 இரவு, மலைக்கோவிலின் 365 படிகளிலும் பாடிக்கொண்டே ஏறும் திருப்படித் திருவிழாவுக்குத் தமிழ்நாடு, ஆந்திரா என இருபுறமிருந்தும் மக்கள் வருகிறார்கள். விழா முடிந்ததும் வீடு திரும்புகிறார்கள்.

திரும்ப முடியாமல் தங்குகிறவர்களும் உண்டு. மழை ஓய்ந்ததும் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களிலிருந்து நம் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கோடைவரை சூளையோரக் குடிசைதான் வீடு. முன்பணம் வாங்கியிருப்பதால் நினைத்தபோது ஊருக்குப் போக முடியாது. கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்திருப்போரில் நம்மைப்போல் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஊரில் அம்மாவோடு கொண்டாடிய பெருவிழாவை, இங்கே மொழி புரியாத திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று கழிக்கிறார்கள்.

பெத்லகேமில் மரியாவும் யோசேப்பும் இப்படித்தான் வெளியூர்க்காரர்கள். அங்கே இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா 2:7 கூறுகிறது. 'விடுதி' என்று நாம் வாசிக்கும் அந்த இடத்துக்கு லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'கட்டலூமா'. விருந்தினர் தங்கும் அறை என்றும் அதற்குப் பொருள் உண்டு. அதே சொல்லை லூக்கா 22:11-இல் மறுபடியும் காண்கிறோம். அங்கே அது இறுதி இராவுணவு நடந்த அறை! பிறந்தபோது விருந்தினர் அறையில் இடம் கிடைக்காதவர், இறப்பதற்கு முந்தின இரவு அப்படியோர் அறையில் தம்மையே உணவாகத் தந்தார். சீடர்களிடம் பொட்டலம் கொடுத்து அனுப்பவில்லை; தம்மோடு பந்தியில் அமர வைத்தார்.

பழந்தமிழில் 'விருந்து' என்றால் புதுமை. புதிதாய் வந்தவர் என்றும் பொருள். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. நாமோ தெரிந்த வீடுகளுக்குள்ளேயே கேக்கையும் பலகாரத்தையும் மாற்றிக்கொள்கிறோம். புதியவருக்குப் பெரும்பாலும் ஒரு பொட்டலம், ஒரு பழைய சேலை. அதுவும் நல்லதே. ஆனால் பசியைத் தீர்க்கும் பொட்டலம் தனிமையைத் தீர்க்காது. பக்கத்தில் இலை போட்டு, பெயர் கேட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று பரிமாறும் கைதான் அதைத் தீர்க்கும்.

ஆகவே, இந்த ஆண்டு ஒவ்வோர் அன்பியமும் ஒரு புதிய குடும்பத்தைத் தன் பந்திக்கு அழைக்கட்டும். திருப்பலி முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய்க் கைகுலுக்குங்கள். அவர்கள் வர முடியாவிட்டால், சமைத்ததை எடுத்துக்கொண்டு நாம் போவோம். கொடுத்துவிட்டுத் திரும்பாமல் உடன் அமர்ந்து உண்போம். அவர்கள் எந்த மதம் என்று கேட்க வேண்டியதில்லை. இடையர்களிடம் விண்ணகத் தூதர் அதைக் கேட்கவில்லை.

குடில் கட்ட வைக்கோல் தேடும் நாம், வீட்டில் ஒரு பாய்க்கு இடம் தேடுவோம். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.