கணிப்பொறியில் ஓர் உடல்

கார் ஒன்று சுவரில் மோதினால், உள்ளே அமர்ந்திருப்பவருக்கு என்ன நேரும்? இதனை அறிய உயிருள்ள ஒருவரை அதில் அமர்த்திப் பார்க்க முடியாது. ஆகவே, உலோகத்தாலும் ரப்பராலும் மனிதப் பொம்மைகளைச் செய்து பொறியியலார் சோதித்து வந்தனர். 1976-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய 'ஹைபிரிட் மூன்று' என்னும் பொம்மையே பல நாடுகளுக்கும் அளவுகோலாயிற்று.

அதன் உயரம் ஏறத்தாழ 175 சென்டிமீட்டர்; எடை 78 கிலோ. அக்கால அமெரிக்க ஆடவரின் நடுத்தர அளவு அது. பெண்ணுக்கெனச் செய்த பொம்மையோ, பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கிய வடிவம். ஏறத்தாழ 150 சென்டிமீட்டரே உயரம். பெண் என்பவள் சுருக்கப்பட்ட ஆண் அல்லள் அன்றோ? இடுப்பெலும்பின் அமைப்பும் கழுத்தின் வலிமையும் வேறு. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, இருக்கைவார் அணிந்திருந்தும், நேர்மோதலில் பெண்கள் கடுங்காயமுறும் வாய்ப்பு ஆண்களைக் காட்டிலும் 73 விழுக்காடு மிகுதி.

இக்குறையைப் போக்கக் கணிப்பொறி துணை நிற்கிறது. எலும்பு, தசைநார், ஈரல், மூளை ஆகிய ஒவ்வோர் உறுப்பையும் எண்ணற்ற சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வளையும், எப்போது முறியும் என்பதைக் கணக்காக எழுதிவிடுகின்றனர். பின்னர் அந்த உடலைக் கணக்கிலேயே மோதச் செய்கின்றனர். பொம்மையின் விலா எத்தனை முறை மோதினாலும் முறியாதிருக்கும்படி செய்யப்பட்டது. கணிப்பொறி உடலிலோ எந்த விலா முறியும் என்பதையே காணலாம். எலும்பை மெலிதாக்கினால் முதியவர் உடல். கொழுப்பைக் கூட்டினால் பருத்தவர் உடல். கருவுற்ற தாயின் உடலையும் இவ்வாறே அமைக்கலாம்.

டொயோட்டா நிறுவனம் 2000-இல் வெளியிட்ட 'தம்ஸ்' என்னும் உடலமைப்பு, 2021 முதல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பிய ஆய்வாளர் உருவாக்கிய 'விவா பிளஸ்' திட்டத்தில் நடுத்தரப் பெண்ணின் உடலையே முதலில் அமைத்து, அதிலிருந்து ஆணின் உடலை வடித்தனர். பழைய முறை தலைகீழாயிற்று!

எனினும், நாம் ஊட்டிய அறிவையன்றிக் கணிப்பொறிக்கு வேறறிவு இல்லை. அவ்வறிவு, அறிவியலுக்கென உடலை ஈந்தோரிடமிருந்து பெற்றது; அவர்களுள்ளும் முதிய ஆடவரே மிகுதி. எனவே, கணக்கு நுட்பமாயிருப்பது மட்டும் போதாது. எவருடைய உடலைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்றும் நாம் கேட்டறிதல் வேண்டும். காரில் ஏறுவோர் தாயரும், முதியோரும், குட்டையரும், நெட்டையருமே. சராசரி மனிதர் என ஒருவர் ஏறுவதில்லை. அவர்கள் அனைவரையும் காப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.