புழக்கடை மூலிகைகளும் அவற்றின் எல்லையும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடித்தனக்காரர் வீடுகளில், கிணற்றடியிலோ குளிக்குந் தண்ணீர் ஓடும் இடத்திலோ ஒரு சிறு துண்டு நிலம் மிஞ்சியிருப்பதுண்டு. வாழையொன்றும் கருவேப்பிலையொன்றும் நிற்க, மற்ற இடம் பாழாகவே கிடக்கும். அதில் ஐந்தாறு மூலிகைகளை வளர்ப்பதற்குச் செலவென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

முதலில் வைக்கத்தக்கது ஆடாதோடை. ஆடும் தொடாத இலையாகையால், இதை வேலியாகவே நட்டுவிடலாம். முற்றின குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி மழைக்காலத் துவக்கத்தில் ஊன்றினால் வேர்பிடிக்கும். இருமலுக்கும் கபக்கட்டுக்கும் இதன் இலையைக் கஷாயமிட்டுத் தேன் சேர்த்துக் கொடுப்பது பழைய வழக்கம். இவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை ஆதாரமாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் இருமல் மருந்து உண்டாக்கப்பட்டது. ஆனால் அதே சத்து கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யவல்லது. ஆகையால் கர்ப்பிணிகளுக்கு இக்கஷாயத்தைக் கொடுத்தல் ஆகாது.

கற்பூரவள்ளிக்கு ஒரு கிள்ளு தண்டு போதும். வல்லாரை ஈரநிழலை நாடும். தூதுவளைக்கு முள்ளுண்டு, குழந்தைகள் ஓடியாடும் வழியில் வைக்கலாகாது. துளசியைப்பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

கீழாநெல்லியை நடவேண்டியதே இல்லை. மழைக்குப்பின் வரப்பிலும் கொல்லையிலும் தானே முளைக்கும். இலைக்காம்பின் கீழ்ப்புறத்தில் வரிசையாய்ச் சிறு காய்கள் தொங்குவது அதன் அடையாளம். மஞ்சட்காமாலைக்கு இதை அரைத்து மோரில் கொடுப்பதை அறியாத வீடில்லை. 1988-ல் சென்னை வைத்திய நிபுணர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு இதன் பொடியை முப்பது நாள் கொடுத்து, 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாக வெளியிட்டனர். பிற இடங்களில் பின்னர் நடந்த பரீட்சைகளில் அத்தகைய பலன் காணப்படவில்லை.

காமாலை என்பது தனி வியாதியன்று. பல வியாதிகளின் குறி. அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் தணியும். கீழாநெல்லிக்குக் கிடைக்கும் கீர்த்தியில் ஒரு பங்கு இதனாலும் வந்ததே. ஆனால் அதுவே கர்ப்பிணிகளுக்குப் பிராணாபாயமாக முடிவதுண்டு. மேலும், எலிமூத்திரம் கலந்த சேற்றில் நின்று நாற்று நடுவோருக்கு எலிக்காய்ச்சல் காணலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் முதலில் தோன்றும். காமாலை பின்னர் வரலாம். இதற்குத் தக்க மருந்து ஆஸ்பத்திரியிலுண்டு. தாமதித்தால் மூத்திரப்பை வரை செல்லாமல் சிறுநீரகமே கெட்டுப்போகும். ஆகவே காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால், மோரும் இலையுமாக நாட்களைக் கழிப்பது கூடாது.

நிலவேம்பைச் சிலர் சிறியாநங்கை என்று சொல்லி, பாம்புக்கடிக்கு மென்று தின்னக் கொடுப்பர். காய்ச்சற் கஷாயத்தில் சேரும் சரக்கென்ற மதிப்பு அதற்கு இருக்கட்டும். கண்ணாடிவிரியன் விஷத்தை அது முறிக்காது. விஷத்தை முறிப்பது ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு ஊசியே. அம்மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதும் ஒரு கூட்டுறவுச் சங்கமே: மாமல்லபுரத்துக்கருகில் வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிவாயைக் கீறாமல், உடனே கொண்டுபோதல் வேண்டும்.

சரக்குகளைத் தாமே சேகரிக்க இயலாதோர் தெருவில் விற்கும் பொடியை வாங்குவதைவிட, 1944-ல் வைத்தியர்கள் சென்னையில் கூடி நிறுவிய இம்ப்காப்ஸ் போன்ற கூட்டுறவு மருந்துசாலையின் சரக்கை வாங்குதல் நலம். வீட்டில் பறித்ததை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, பெயரெழுதி ஒட்டிய புட்டியில் வைக்கவும். ஊமத்தை, அரளி முதலியவை அப்பாத்தியில் கலந்திருந்தால், குழந்தைகள் கைபடுமுன் வேரோடு பிடுங்கிவிடவும்.