சிதம்பரத்துக்கு வயது பதினைந்து!

சினிமா பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று குறைப்படாத தகப்பனார் சிவகாசி வட்டாரத்தில் உண்டா? சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் இப்படிச் சொல்லுகிறார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறான். பார்க்காமல் என்ன செய்வான்?

சினிமாவைத் திட்டிப் பயனில்லை, தோழர்களே! திட்டத் திட்ட அது வளர்ந்துதான் வந்திருக்கிறது. நாம் சொல்ல வருவது வேறு காரியம். பிள்ளை பார்த்த படம் ஒரு நாவலிலிருந்து வந்தது என்றால், அந்த நாவலை அவன் கையில் கொடுங்கள். பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் படிப்பகத்தில் உட்காரவைத்து, "புத்தகத்தில் இருந்ததில் எது படத்தில் காணோம்? புத்தகத்தில் இல்லாதது எது படத்தில் வந்தது? ஏன் வந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பேசட்டும்.

தமிழ்நாடு அரசு 2022-இல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடத் தொடங்கியது. 2023-இல் வாசிப்பு இயக்கம் என்று சிறு சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. இரண்டும் வரவேற்க வேண்டிய காரியங்களே. ஆனால் படம் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம் என்று நின்றுவிட்டால் பாதிப் பயன்தான். இரண்டையும் ஒரே மேசைமேல் வைத்துப் பார்க்கிற வேலையை நம் படிப்பகங்கள் செய்யலாம் அல்லவா?

எந்தப் புத்தகம் என்று கேட்பீர்கள். தூரதேசம் போகவேண்டியதில்லை. பக்கத்துக் கோவில்பட்டிச் சீமைக்காரர் பூமணி. அவர் 1982-இல் எழுதிய 'வெக்கை' இருக்கிறது. சிறிய நாவல். அதைத்தான் வெற்றிமாறன் 'அசுரன்' என்று படமாக்கி 2019 அக்டோபரில் வெளியிட்டார். தனுஷுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். நம் பிள்ளைகளில் அதைப் பார்க்காதவன் இருக்கமாட்டான். புத்தகத்தைப் பார்த்தவன் எத்தனை பேர்?

நாவலின் நாயகன் சிதம்பரம். வயது பதினைந்து. அண்ணனைக் கொன்ற நிலக்காரன் வடக்கூரானின் கையை வெட்டிவிட வேண்டும் என்றுதான் போகிறான். வெட்டு வேறிடத்தில் விழுந்து உயிரே போய்விடுகிறது. அன்றிரவிலிருந்து தகப்பனும் மகனும் ஓடுகிறார்கள். மலையிலும் காட்டிலும் ஒளிகிறார்கள். எட்டு நாட்கள். என்ன தின்றார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், ராத்திரியில் மகன் என்ன நினைத்தான் என்று கூடவே நடந்து சொல்லுகிறது நாவல். கடைசியில் இருவரும் சரணடைய நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். எந்தச் சாதி என்று பூமணி எங்கும் பெயர் சொல்லவில்லை. ஒரு பிரசங்கமும் இல்லை.

படத்தில் என்ன ஆயிற்று? சிதம்பரம் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டான். தகப்பன் சிவசாமி முன்னே வந்துவிட்டான். குடித்துவிட்டுப் பயந்து ஒடுங்கி, ஊரில் வீடு வீடாகப் போய்க் காலில் விழுகிற தகப்பன், பிறகு ஒரு கட்டத்தில் சிங்கமாகச் சீறுகிறான். அவனுடைய இளமைக் கதையும் பெரிதாக விரிகிறது: செருப்புப் போட்டதற்காக ஒரு பெண்ணை அவமானப்படுத்துவது, பஞ்சமி நிலத்தைப் பறித்துக்கொள்வது, குடிசைகளோடு மனிதர்களைக் கொளுத்துவது. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்ததை அறிந்தவர்கள் அந்தக் காட்சியைக் கண்ணீர் இல்லாமல் பார்க்க முடியாது. முடிவில் பழியைத் தகப்பனே ஏற்றுக்கொண்டு நீதிமன்றம் போகிறான். மகனைப் படிக்கச் சொல்லுகிறான். நிலத்தையும் காசையும் பறிப்பவனால் படிப்பைப் பறிக்க முடியாது என்ற கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

இதில் எது சரி? நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், பஞ்சமி நிலத்தைப் பேர் சொல்லிப் பேசியதற்காகப் படத்தைக் கொண்டாடுவோம். லட்சக்கணக்கான மக்கள் அந்தச் சொல்லின் பொருளைத் திரையரங்கில்தான் தெரிந்துகொண்டார்கள். இருந்தாலும் பதினைந்து வயதுப் பையனை ஓரத்தில் தள்ளியதை நாம் நஷ்டம் என்றே சொல்லுவோம். கோடிக்கணக்கில் பணம் போட்ட படத்தைப் பெரிய நடிகரின் தோளில்தான் ஏற்றுவார்கள். இந்த வியாபார நியாயத்தையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்! "இவனை ஏன் சின்னவனாக்கினார்கள்?" என்று ஒரு பையன் கேட்டுவிட்டால், டிக்கெட் விலைக்குப் பின்னால் உள்ள கணக்கு முழுவதும் அவனுக்கு விளங்க ஆரம்பித்துவிடும்.

கொலை உள்ள கதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் படிக்கிறவர்களுக்குத்தான் சொல்லுகிறோம். அந்த வயதுப் பிள்ளைகள்தான் இந்த மாவட்டத்தில் விடியுமுன் எழுந்து பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். அதைவிடச் சிறியவர்களும் போனார்கள். கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். அப்போது யார் முகம் சுளித்தார்கள்? 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கிலே சுப்ரீம் கோர்ட்டு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி ரூ. 20,000 கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, 14 முதல் 18 வயதுள்ளவர்களையும் ஆபத்தான தொழிலில் வைக்கக்கூடாது என்றாயிற்று. அந்தச் சட்டத்தின்படி சிதம்பரம் வயதுப் பையன் வெடிமருந்தைத் தொடக்கூடாது. அவன் கையில் புத்தகத்தைக் கொடுக்கவும் கூடாதா?

தோழர்களுக்கு ஒரு பழைய உதாரணம். கார்க்கியின் 'தாய்', 1906-இல் வந்த நாவல். ரகுநாதன் தமிழில் தந்த அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய தொழிலாளர்கள் நம்மிடையே உண்டு. 1926-இல் புடோவ்கின் அதைப் படமாக்கினார். நாவலில் மகன் பாவெலை நாடு கடத்தத் தீர்ப்பாகிறது. படத்தில் அவன் சிறையிலிருந்து தப்பி, உடைந்து மிதக்கும் பனிக்கட்டிகளைத் தாண்டி ஓடிவந்து சுடப்பட்டுச் சாகிறான். நாவலில் தாய், ரயில் நிலையத்தில் துண்டுப்பிரசுரங்களோடு போலீசிடம் சிக்குகிறாள். படத்தில் செங்கொடியை ஏந்தி நின்று குதிரைப்படையின் காலடியில் மடிகிறாள். புடோவ்கின் கார்க்கிக்குத் துரோகம் செய்தாரா? அப்படிச் சொல்ல மாட்டோம். பேச்சில்லாத படம் அது. பக்கம் பக்கமாக நடக்கும் வாதங்களை எப்படிக் காட்டுவது? ஆற்றுப் பனி உடைவதைக் காட்டினார். புத்தகத்தில் பேச்சு செய்த வேலையைப் படத்தில் பனி செய்கிறது. இந்த ஒரு விஷயத்தை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் போதும், பிறகு எந்தப் படமும் அவனை ஏமாற்ற முடியாது.

செலவு எவ்வளவு என்று கிளைச் செயலாளர் கேட்பார். நாலு பிரதிகள் போதும். பதினைந்து பேருக்கும் ஆளுக்கொன்று வேண்டியதில்லை. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் பழக்கம் நம் படிப்பகங்களுக்குப் புதிதா? பத்திரிகையை அப்படித்தானே ஊர் முழுவதும் கேட்டது! எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் வந்து உட்காரலாம். நாலு ஞாயிறு படிப்பு, ஐந்தாம் ஞாயிறு படம், ஆறாம் ஞாயிறு பேச்சு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை மும்முரம், ஒருவரும் வரமாட்டார்கள். தீபாவளி கழிந்து தொடங்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு முன்வரிசை. கூட்டத்தில் பேச்சாளர் யாரும் வேண்டாம். நம் பேச்சாளர்களைப் பற்றி நமக்குத் தெரியும். மைக்கைக் கண்டால் பிள்ளைகளுக்கு நேரம் மிஞ்சாது.

'வெக்கை' முடிந்த பிறகு இன்னொரு சங்கதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இதே பூமணி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றித் தாமே 'கருவேலம் பூக்கள்' என்று ஒரு படம் எடுத்தார், தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உதவியோடு. 'அசுரன்' தெரிந்த வீடுகளில் அது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? எழுத்தாளரே கேமராவுக்குப் பின்னால் நின்றால் படம் எப்படி மாறுகிறது என்று அதையும் தேடிப் பார்க்கட்டும்.

அடுத்து ராஜம் கிருஷ்ணனின் 'கூட்டுக் குஞ்சுகள்'. சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டிக் குழந்தைகளை நேரில் கண்டு எழுதிய நாவல். அதை எடுத்துப் படிக்கும்போது கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்: இதை நீங்கள் படமாக எடுத்தால் முதல் காட்சியை எங்கே வைப்பீர்கள்? விடியுமுன் வந்து நிற்கும் பஸ்ஸிலா, உறங்கும் பிள்ளையை உசுப்புகிற தாயின் கையிலா? பிள்ளைகள் சொல்லட்டும். பாட்டிமார்களில் சிலர் அந்தப் பஸ்ஸில் போனவர்கள்தான், அவர்களையும் கேட்டுக்கொள்ளட்டும்.